மாஸ்டர் இல்லாமல் எங்கள் பண்ணை ஓட்டக் குழுவை எப்படிக் கொண்டுபோவது?

பண்ணை_விடியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் விடிய ஓடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் ஓடுகிறவர்களும் பார்ப்பீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மாஸ்டர் தவறிவிட்டார். அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. கல்வெட்டுக்கு, அதாவது அவருடைய நினைவுப் புத்தகத்துக்கு, ஓட்டக் குழுவின் பெயரால் ஒரு பக்கம் வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டார், எழுதிக் கொடுத்தோம். இனி எப்படி ஓடுவது என்பதுதான் இப்போது எங்கள் எல்லோருக்கும் இருக்கிற கேள்வி.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பி.ரி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதிலேயே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு பண்ணைக் கடற்கரையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். அங்கே சலரோகத்துக்காக டாக்குத்தர் நடக்கச் சொன்ன ஒருவர் தினமும் நடப்பார். அவரை ஒருநாள் மறித்து, "தம்பி, அந்த லைற் போஸ்ற் மட்டும் என்னோட ஓடிவாரும் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனாராம். அங்கிருந்து தொடங்கியதுதான் எல்லாம். பிறகு கச்சேரியில் வேலை செய்கிறவர், நகைக்கடைக்காரர், ஓட்டோ அண்ணை, ஆசிரியைகள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, முப்பத்தைந்து வயதுக்குக் கீழே யாருமே இல்லாத ஒரு கூட்டம் ஆகிவிட்டோம். பதக்கம் வாங்கப்போகிறவர்கள் யாரும் இல்லை. அப்படியிருந்தும் பாடசாலை அணிக்கு எழுதுவதுபோல எங்கள் ஒவ்வொருவருக்கும் சீ.ஆர். கொப்பியில் தனிப்பக்கம் வைத்திருந்தார். இன்றைக்கு எவ்வளவு தூரம், முதல்நாள் இரவு நித்திரை எப்படி, முழங்கால் நோகிறதா, வீட்டில் ஏதும் கரைச்சலா என்பதுவரை எழுதுவார்.

ஓடும்போது மணிக்கூடு பார்க்க விடமாட்டார். பக்கத்தில் வந்து "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும்" என்பார். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் வேகம் சரி, இடையில் மூச்சு அறுந்தால் நடக்கவேண்டும். வங்கி மனேஜருக்கும் அதே வாய்ப்பாடுதான், ஓட்டோ அண்ணைக்கும் அதே வாய்ப்பாடுதான்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், வேகமாக ஓடுகிற நாலைந்து பேர் பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தி வரை போய்விட்டு வருகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் பாலம் தொடங்குகிற இடத்திலேயே திரும்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாஸ்டர் இருந்தபோது கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் சைக்கிளை எடுக்கமாட்டோம். இப்போது ஆறு மணிக்கு யார் நிற்கிறார், யார் போய்விட்டார் என்றே தெரிவதில்லை. இன்னொரு பக்கம், அவருடைய பெயரில் நினைவு மரதன் வைப்போம், அனுசரணை பிடிப்போம், ரீசேட் அடிப்போம் என்று சிலர் உறுதியாக நிற்கிறார்கள். அரை மரதனாம், 21 கிலோமீற்றர். மாஸ்டரின் மனைவி கொப்பிகளை எல்லாம் ஒரு உரப்பையில் போட்டு என் கையில் தந்துவிட்டார், அவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பயிற்றுநர் போனபிறகும் ஒரு குழு உடையாமல் நடந்ததை யாராவது கண்டிருக்கிறீர்களா? மரதன் வைப்பது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மணிக்கூட்டடி எழுதியது:

அண்ணை, மண்டைதீவு வரை போகிற நாலைந்து பேரில் நானும் ஒருவன். செவ்வாயும் வியாழனும் எங்களுக்குத் தூரத்தைக் கூட்டித் தந்தவர் மாஸ்டர்தான், அதை விட்டுவிட மனம் வரவில்லை.

மரதன் வைக்கவேண்டும் என்று முதலில் சொன்னவனும் நான்தான், அதற்குக் காரணம் இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரிப் பக்கமாகத்தான் தினமும் ஓடுகிறோம். அங்கே படித்த எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளுக்குப் போனவர், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தவர். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான். என்னுடைய மகனின் சிநேகிதர்களைக் கேட்டுப்பார்த்தேன், ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. ஆசியாவில் முதலாவதாக வந்தவருக்கே ஊரில் இந்த நிலை என்றால், நாற்பது ஐம்பது வயதுக்காரரை ஓடவைத்த ஒரு பி.ரி. மாஸ்டரை இன்னும் ஐந்து வருடத்தில் யார் நினைப்பார்கள்? கல்வெட்டு அலுமாரிக்குள் போய்விடும். வருடா வருடம் அவர் பெயரில் ஓர் ஓட்டம் நடந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளாவது "யார் அம்மா இவர்?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இடமும் இருக்கிறது. துரையப்பா விளையாட்டரங்கை இந்திய உதவியோடு திருத்தி 2016 ஜூனில் திறந்தார்கள், தொடக்கத்தையும் முடிவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அனுசரணைக்கு நான் பொறுப்பு.


கொக்குவில்_அக்கா எழுதியது:

தம்பிமார், மரதனுக்கு நான் எதிர்ப்பில்லை. 21 கிலோமீற்றர் என்றதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் வயதுப் பெண்கள் கடைசியாக எப்போது ஓடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடியிருப்போம், பெரியபிள்ளை ஆனதும் பெரும்பாலான வீடுகளில் அதுவும் நின்றுபோயிருக்கும். அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடியதுதான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது எனக்குப் பதினான்கு வயது. நடக்கக்கூட இடம் இல்லாத சனத்துக்குள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபிறகு ஊரடங்கும் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றிப் பொயின்றும். விடிய ஐந்து மணிக்கு ஓர் ஆள் றோட்டில் ஓடினால் சென்றியில் நிற்கிறவன் என்ன நினைப்பான்? ஆம்பிளைகளே வெளிக்கிடமாட்டார்கள். அந்தக் காலம் முடிந்து வருடங்கள் போனபிறகும், இருட்டோடு படலையைத் திறந்து றோட்டில் இறங்கி ஓடுவது என்பது எங்கள் ஆட்களுக்கு உடம்பு ஒப்பாத காரியமாகவே இருந்தது. இதைப் பற்றி மாஸ்டரும் கதைத்ததில்லை, நாங்களும் கதைத்ததில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது. முதல் மாதம் எங்களை அவர் ஓடவே விடவில்லை. கோட்டையைச் சுற்றி நடை, அதுவும் கூட்டமாக. ஒருத்தி நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும். அவருடைய மனைவி ஸ்கூட்டியில் எங்களுக்குப் பின்னால் மெதுவாக வருவார், அந்த வெளிச்சம் எங்களுக்கு முன்னால் விழும், கட்டாக்காலி நாய்களுக்காகக் காலடியில் ஒரு கம்பும் வைத்திருப்பார். மாஸ்டரைக் கோச் என்று சொல்லுகிறோமே, அந்த ரீச்சரும் பாதிக் கோச். கல்வெட்டில் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள் தம்பி, அடுத்ததிலாவது எழுதவேண்டும்.

என்ன உடுப்பு என்றும் ஒருநாளும் கேட்டதில்லை. சுடிதாரோடு வந்தோம், சிலர் பாட்டா செருப்போடு வந்தார்கள். ஓடத் தொடங்குகிற நேரத்தில் மட்டும், விலை கூடினது வேண்டாம், டி.எஸ்.ஐ. சப்பாத்து ஒன்று எடுத்தால் காணும், பின்னேரம் போய் அளவு பாருங்கள், அந்த நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்று சொன்னார்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தில் மண்டைதீவுப் பக்கமாக ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிர்க்காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அந்த நாட்களில் மாஸ்டர் என்ன செய்வார்? மணிக்கூட்டடித் தம்பி, உங்களைப் போன்றவர்களை முன்னுக்கு நிரையாக விட்டு, மெதுவாக வருகிற எங்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடவிடுவார். "முன்னுக்கு ஓடுறது பெருமைக்கில்லை, காத்தை மறைக்கத்தான்" என்று உரத்துச் சொல்லுவார். போகும்போது நீங்கள் எங்களுக்குக் காற்றை மறைத்துத் தருவீர்கள், திரும்பும்போது காற்று எல்லோரையும் பின்னாலிருந்து தள்ளும், அப்போது உங்களைப் பறக்க விடுவார். வேகமான ஆட்களும் மெதுவான ஆட்களும் ஒன்றாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இப்போது ஒருவருக்கும் வேலை தருவார் இல்லை. அதனால்தான் பிரிந்து ஓடுகிறோம்.

ஆகவே அவர் பெயரில் ஓட்டம் வைத்தால் அவர் கூட்டிவந்த ஆட்கள் எல்லோரும் ஓடக்கூடிய தூரமாக இருக்கவேண்டும். 5 கிலோமீற்றர் வையுங்கள். முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா 2023இல் 72 வயதில் பிலிப்பைன்ஸுக்குப் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் எடுத்த செய்தி வந்த அன்று, மாஸ்டர் பேப்பரை மடித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார், நினைவிருக்கிறதா? அவருடைய ஓட்டத்தில் அந்த வயதுக்காரர் நிற்கவேண்டும். 21 என்றால் என்னுடைய பக்கத்து வீட்டு அன்ரி றோட்டோரம் நின்று கைதட்டத்தான் முடியும்.

கொப்பிகளைப் பற்றி: தயவுசெய்து படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். என்னுடைய பக்கத்தில் நான் வேறு யாருக்கும் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன, மற்றவர்களுடையதிலும் இருக்கும். அவரவர் பக்கத்தைப் பிரித்து அவரவர் கையில் கொடுங்கள்.


வார்ட்_நம்பர்_7 எழுதியது:

நான் உங்கள் குழுவில் இல்லை, தாதியாக வேலை செய்கிறேன். தூரம் எதுவானாலும் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

பங்குனி, சித்திரையில் வைக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் வெயில் மட்டுமில்லை, கடற்காற்றில் ஈரப்பதனும் கூட. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அது காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் சூடு உள்ளுக்குள்ளேயே நிற்கும். மாரி மழை ஓய்ந்து வருகிற தை கடைசி, மாசி முற்பகுதி நல்லது. வெயில் ஏற முதல் எல்லோரும் முடித்துவிடவேண்டும்.

சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள் ஓடுவதற்கு முன் சீனி பார்க்கவேண்டும், சட்டைப்பையில் குளுக்கோசோ இனிப்போ வைத்திருக்கவேண்டும். ஓடும்போது கை நடுங்கி, குளிர வியர்த்து, கதை தடுமாறினால் அது சீனி இறங்குவதாக இருக்கலாம், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஓடி முடிந்ததும் கால் விரல் இடுக்கு எல்லாம் பார்க்கவேண்டும், உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. வெறும் தண்ணீரைப் பெருந்தொகையாகக் குடிப்பதும் கூடாது. நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்கு ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்து வையுங்கள், சலரோகக்காரர் அதைத் தங்கள் டாக்குத்தரிடம் கேட்டுக்கொள்ளட்டும். யாராவது வெயிலில் தள்ளாடி, கேட்பதற்குச் சம்பந்தம் இல்லாமல் பதில் சொன்னால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். நெஞ்சுநோ என்று யாரும் சொன்னால் இருத்திவிட்டு உடனே அடிக்கவேண்டும், "கொஞ்சம் பாப்பம்" என்று நிற்கக்கூடாது.

அப்புறம், வழக்கமாக ஓடும்போதும் றோட்டின் வலது பக்கமாக, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். விடிய வருகிற மினிபஸ் முதுகுக்குப் பின்னால் வந்தால் தெரியாது.


ஸ்காபரோ_ஓட்டம் எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். மாஸ்டரை எனக்குத் தெரியாது, ஆனால் வாய்ப்பாடு சொல்லி ஓடுகிற கதையை வாசித்ததும் ஆர்தர் லிடியார்ட்தான் நினைவுக்கு வந்தார். அண்ணை கேட்ட கேள்விக்கு அவருடைய கதையிலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

லிடியார்ட் நியூசிலாந்துக்காரர், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு தாங்கும், எதில் உடையும் என்று வருடக்கணக்காகத் தன்னிலேயே சோதித்துப் பார்த்தார், பிறகு தன் சுற்றுவட்டாரத்துப் பெடியன்களைச் சேர்த்துக்கொண்டு பழக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஒரே பின்னேரத்தில், பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் எடுத்தார்கள். இரண்டு பேரும் அவருடைய ஆட்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. 1960களின் தொடக்கத்தில் ஒக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் மாரடைப்பு வந்து தப்பியவர்களையும் சேர்த்து மெதுவோட்டக் குழு ஒன்றைத் தொடங்கினார். கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம், அதற்கு மேல் இல்லை. இதய நோயாளி என்றால் கட்டிலில் படுக்கவேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது.

1962 கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மன் என்ற பல்கலைக்கழகப் பயிற்றுநர் அங்கே போனார். பிற்காலத்தில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். லிடியார்டின் குழுவோடு ஓடப் போனவரால் தொடர்ந்து ஓட முடியவில்லை, எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு வந்திருந்த ஒரு பெரியவர் அவருக்காக மெதுவாக்கி அவரோடு கூட வந்தாராம். ஊருக்குத் திரும்பி ஒரிகனில் அதேபோல் தொடங்கினார். சில வாரத்திலேயே கட்டுக்கடங்காமல் சனம் வந்தது. யாராவது விழுந்து செத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து ஆறுதலாக ஒரு திட்டம் போட்டு, மறுபடி தொடங்கினார். மரதன் வைக்க நிற்கிற தம்பி இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தாதி அக்கா சொன்னதைச் செய்யாமல் ஊரைக் கூப்பிடாதீர்கள்.

இனிப் பயிற்றுநர் இல்லாத காலம் பற்றி. 1960களின் பிற்பகுதியில் லிடியார்ட் பின்லாந்துக்குப் போய் அங்கே இருந்த பயிற்றுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் அந்த நாட்டை விட்டுப் போய்ச் சில வருடம் கழித்து, 1972 மியூனிக்கில், பின்லாந்தின் லாசே விரேன் 5000, 10000 இரண்டிலும் தங்கம் எடுத்தார். 10000 மீற்றரில் இடையில் விழுந்து எழும்பி ஓடி உலகச் சாதனை. லிடியார்ட் விட்டுப்போனது தன்னுடைய வேலையைச் செய்யத் தெரிந்த மனிதர்களை. உங்கள் மாஸ்டரும் அதைச் செய்திருக்கிறார் போலத்தான் தெரிகிறது. கொக்குவில் அக்கா எழுதியதைப் பாருங்கள், ஓர் ஆளை எப்படி நடையிலிருந்து ஓட்டத்துக்குக் கொண்டுவருவது என்று அவருக்குத் தெரியும். மணிக்கூட்டடித் தம்பிக்குத் தூர ஓட்டம் தெரியும். ஒருவரை மட்டும் புது மாஸ்டர் ஆக்கப் பார்த்தால் அவரும் களைப்பார், நீங்களும் அவரைப் பழைய மாஸ்டரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். வேலையைப் பிரியுங்கள். நாங்கள் இங்கே பனிக்காலத்தில் ஓடும்போது ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். முறை மாறி மாறி வரும், வேகமான ஆளுக்கும் அந்த முறை வரும்.


மணிக்கூட்டடி எழுதியது:

அக்கா, காற்றை மறைக்கிற கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நாளையிலிருந்து போகும்போது உங்களோடுதான், திரும்பும்போது மட்டும் எங்கள் வேகத்தில் வருகிறோம்.

மாசியில் 5 கிலோமீற்றர், சரி. ஆனால் 10 கிலோமீற்றரும் பக்கத்தில் வையுங்கள், பழகியவர்களுக்கு மட்டும். பெயர் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, மாஸ்டரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும், அனுசரணைக்காரரின் பெயர் அதற்குக் கீழேதான். ரீச்சரைக் கொண்டு தொடங்கிவைப்போம்.


பண்ணை_விடியல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கொப்பிகளை அக்கா சொன்னபடியே செய்யச் சொன்னார், ஆனால் வாராவாரம் என்ன பயிற்சி என்று எழுதிய முதல் கொப்பி மட்டும் குழுவிடம் இருக்கட்டும் என்றார். அதில் ஒருவருடைய சொந்த விஷயமும் இல்லை. புதிதாக வருகிறவரை முதல் எட்டு வாரம் எப்படி நடத்துவது என்று வரிக்கு வரி இருக்கிறது, அதைப் பார்த்து எழுதி அடுத்த கிழமை இங்கேயே போடுகிறேன், யாரும் பாவிக்கலாம்.

புதியவர்களுக்கு கொக்குவில் அக்காவும் இன்னொரு ஆசிரியையும் பொறுப்பு. செவ்வாய், வியாழன் தூர ஓட்டம் மணிக்கூட்டடி. கடைசி ஆள் முறைக்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டேன், முதல் கிழமை நான். தாதி அக்கா, மாசி ஓட்டத்துக்கு முதலுதவி ஒழுங்கு செய்வது பற்றி உங்களோடு கதைக்கவேண்டும், தனிச்செய்தி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஞாயிறு விடிய 4.45க்குப் பண்ணைச் சுற்றுவட்டத்தில் நிற்போம். ஸ்கூட்டியில் தானும் வருவதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார். நடக்க மட்டும் வருகிறவர்களும் வாருங்கள், சப்பாத்து இல்லை என்று வீட்டில் நிற்கவேண்டாம்.